கிருலப்பனையிலிருந்து ஹொர மர நிழலுக்கு

கிருலப்பனையில் வாழ்பவரை நோக்கி, "உங்கள் ஊரில் யாது விசேடம்?" என்று எவரேனும் வினவினால், சந்தையையும் வாய்க்காலையும் ஹைலெவல் வீதியின் வாகன நெரிசலையும் அன்றி வேறொன்றையும் அவர் விடையாகக் கூறமாட்டார். வெள்ளவத்தைக்கு வாய்த்தது போன்ற கடற்கரை எமக்கில்லை. கொட்டாஞ்சேனையிற் போலப் பழம்பெருங் கோயில்களும் தேவாலயங்களும் இங்கே தோளோடு தோளுரசி நிற்பதுமில்லை. ஆயினும் எம்மூருக்கு ஒரு தனிப்பேறு உண்டு. நாரஹேன்பிட்டிக்கும் நுகேகொடைக்கும் இடையே, களனிவெளிப் புகையிரதப் பாதையில், சிறியதொரு நிலையம் எமக்கென அமைந்திருக்கிறது. காலையில் அலுவலகம் செல்வோரும் மாலையில் வீடு திரும்புவோருமே அதனை அறிவர். அந்த மேடையில் நின்று எதிர்த்திசை வண்டியில் ஏறினால், மழைக்காட்டின் வாசலுக்கு அரைநாட் பொழுதுகூடச் செல்லாமற் போய்ச் சேரலாம் என்பதைப் பல்லாண்டு இங்கு குடியிருந்தும் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தவள் எம் தமக்கையின் மகள். உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் அவள், பாடநூலில் ஒரு மரத்தின் பெயரைக் காட்டி, "மாமா, இந்த மரத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டாள். டிப்டெரோகார்ப்பஸ் என்று அச்சிட்டிருந்தது. பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆனால் அதன் சிங்களப் பெயரான ஹொர என்பது எம் இல்லத்துக்குப் புதியதன்று. காலஞ்சென்ற எம் தந்தையார் புகையிரதப் பகுதியிற் பணியாற்றியவர். தண்டவாளத்தின் கீழே கிடத்தும் சிலிப்பர்க் கட்டைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஹொரக் கட்டை, ஹொரக் கட்டை என்று அவர் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கிரியோசோற்று எண்ணெய் ஊட்டிய அக்கட்டைகள் இந்நாட்டுப் புகையிரத வண்டிகளை நெடுங்காலம் தாங்கின. கட்டையாக அறிந்த ஒன்றை மரமாகக் காண்பதற்கு ஒரு பாடசாலை விடுமுறை நாளிற் புறப்பட்டோம். மருமகள், அவள் தம்பியாகிய ஒன்பது வயது மருமகன், நாம். எண்பதைக் கடந்த எம் தாயார் வாசல்வரை வந்து, "பாம்பு பூச்சி கவனம்" என்று எச்சரித்து விடைகொடுத்தார்.

களனிவெளிப் பாதை ஒரு வினோதமான பாதை. 1902 ஆம் ஆண்டு அவிசாவளை வரை திறந்தபோது அது குறும்பாதையாக இருந்தது. 1990 களில் அகலப்பாதையாக மாற்றினார்கள். ஆனால் பழைய குறும்பாதையின் வளைவுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. ஆதலால் வண்டி ஓடுவதாகக் கூறுவதிலும், வீட்டுக் கொல்லைகளினூடே விசாரித்துக்கொண்டு போவதாகக் கூறுவதே பொருந்தும். ஒருவர் முற்றத்திற் காயும் துணியை எட்டித் தொடலாம் போலிருந்தது. மகரகம, ஹோமாகம, பாதுக்கை என நிலையங்கள் கழியக் கழியச் சுவர்கள் வேலிகளாயின. வேலிகள் இறப்பர்த் தோட்டங்களாயின. வக என்னும் நிலையத்தில் இறங்கி, முச்சக்கர வண்டி ஒன்றை அமர்த்தி, லபுகம நீர்த்தேக்கத்தை நோக்கிச் சென்றோம். நீர்த்தேக்கத்தைக் காண்பதற்கு வேண்டிய அனுமதியை முன்னரே பெற்றிருந்தோம்.

வழியிலேயே மரம் எம்மைச் சந்தித்தது என்பதே உண்மை. பாதையோரத்து வீடொன்றின் எல்லையில், இறப்பர் மரங்களை இடுப்பளவிற் சிறுபிள்ளைகளாக்கி விட்டு, ஒரே மரம் நேராக மேலே போயிற்று. தென்னையினும் உயரம். ஆனால் தென்னையின் நளினமான சாய்வு அதனிடம் இல்லை. கோயிற் கொடித்தம்பம் போன்று, நெடுந்தூரம் கிளையே விடாமல் எழுந்து, உச்சியிற் சென்ற பின்னரே பச்சைக் குடையை விரித்திருந்தது. காட்டில் இம்மரம் 130 அடிவரை வளரக் கூடியது. வண்டி ஓட்டியவர் திரும்பிப் பாராமலே, "ஹொர கஹ" என்றார். மருமகன் கைகொட்டிச் சிரித்தான். சிங்களத்திற் கள்ளத்தனத்தைக் குறிக்கும் சொல்லும் இதே ஒலியுடையது. "கள்ள மரமா மாமா?" என்று அவன் கேட்டதற்கு எம்மிடம் விடையில்லை. அந்நாளில் அதன் கள்ளத்தனம் ஒன்றை நாம் அறியவுமில்லை.

வீட்டுக்குரிய முதியவர் வெளியே வந்தார். பிள்ளைகள் அவரைச் சீயா என்று அழைக்க, அவரும் உடனே பாட்டனாராகிவிட்டார். மரத்தின் கீழே உதிர்ந்து கிடந்தவற்றைப் பொறுக்கிக்கொள்ளும்படி கூறினார். அவை காய்கள்தாமா என்று ஐயுறும்படி இருந்தன. உருண்டையான ஒரு கொட்டை, அதன் தலையிலிருந்து முயற்காதுகள் போல இரண்டு நீண்ட சிறகுகள். சிறகொன்று நான்கைந்து அங்குலம் இருக்கும். காய்ந்த பழுப்பு நிறம், நீளவாட்டில் நரம்புகள். மருமகன் ஒன்றை எடுத்து மேலே எறிந்தான். அது எறிந்த கல் விழுவதுபோல் விழவில்லை. தலைக்கு மேல் ஒரு கணம் தயங்கி, சுழன்று, சுழன்று, ஏதோ யோசித்துக்கொண்டே இறங்குவதுபோல் இறங்கிற்று. அதன்பின் ஒரு கால்மணி நேரம் பயணம் நின்றுபோயிற்று. நாமும் ஓரிரண்டு எறிந்தோம் என்பதை மறைப்பானேன்?

இச்சிறகே மரத்துக்குப் பெயரும் தந்தது. இரண்டு, சிறகு, கனி என்னும் மூன்று கிரேக்கச் சொற்களைப் பிணைத்து டிப்டெரோகார்ப்பஸ் என்னும் பெயரை 1805 ஆம் ஆண்டு வழங்கியவர் கார்ட்னர் என்னும் செர்மானியத் தாவரவியலார். தமிழிற் சொல்வதானால் இருசிறைக்கனி. எம் தாவரவியற் பாடநூல்கள் இத்தகைய பெரும்பிரிவைச் சாதி என்றும் அதன் உட்பிரிவை இனம் என்றும் வழங்குகின்றன. சாதி என்னும் சொல் மாந்தரிடையே விளைத்த தீங்கை நோக்க, மரங்களிடையேனும் அது ஒரு தொண்டு செய்வது ஆறுதலே. இச்சாதியில் ஏறத்தாழ 70 இனங்கள் உள்ளன. இந்தியா, இலங்கை தொடங்கிப் பர்மா, சீயம், மலாயா, போர்ணியோ வழியாகப் பிலிப்பைன் தீவுகள்வரை அவை பரந்திருக்கின்றன. எமது ஹொரவுக்கு டிப்டெரோகார்ப்பஸ் செலானிக்கஸ் எனப் பெயரிட்டவர், 1849 முதல் 1880 வரை பேராதனைப் பூங்காவின் பொறுப்பிலிருந்த துவெய்ற்ஸ் என்பவர். இளங்கிளையெல்லாம் உரோமம் போர்த்த பூஹொர என்பதும், தொரண என்பதும் இதன் உடன்பிறப்புகள். இவை இலங்கைக்கே உரியவை. உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை.

சிறகென்று நாம் சொல்வது உண்மையில் யாது? மருமகள் தன் கைக்குவிவில்லையை எடுத்துக்கொண்டு சீயாவின் திண்ணையில் அமர்ந்துவிட்டாள். அவள் விளக்கியதை மாணவர்களின் பயன்கருதி இங்கு தருகிறோம். பூவின் புறத்தே ஐந்து புல்லிகள் உண்டு. அவற்றின் அடிப்பாகம் ஒன்றிணைந்து ஒரு கிண்ணமாகிறது. வெண்மையில் இளஞ்சிவப்புக் கோடோடிய ஐந்து அல்லிகள், ஒன்றின் விளிம்பை மற்றொன்று தழுவிக் காற்றாடி போல் முறுக்கிக்கொண்டு மலர்கின்றன. பூ உதிர்ந்த பின் புல்லிகள் உதிர்வதில்லை. கிண்ணம் பெருத்துக் கொட்டையை உள்ளே பொதிந்துகொள்கிறது. ஐந்திலே இரண்டு மட்டும் நீண்டு வளர்ந்து சிறகாகின்றன. ஏனைய மூன்றும் சிறுத்துக் காதோரத்து மயிர்போல் நின்றுவிடுகின்றன. ஆகவே பூவுக்குப் பாதுகாவலாக இருந்த புல்லியே காய்க்கு வாகனமாகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஷோரியா என்னும் சாதியிற் பெரும்பாலும் மூன்று சிறகுகள் நீளும். ஹோபியா என்பதற்கு இரண்டே சிறகுகள் எனினும், கொட்டையைப் பொதியும் கிண்ணம் அதற்கில்லை. பரீட்சையில் இவ்வேறுபாட்டைக் கேட்டால் இனி அவள் மறக்கமாட்டாள்.

இலையிலும் அடையாளம் உண்டு. உதிர்ந்து கிடந்த ஒரு கிளைநுனியைக் காட்டினாள். இளங்குருத்தைத் தொப்பிபோல் மூடியிருக்கும் இலையடிச்செதில் கழன்று விழும்போது, தண்டைச் சுற்றி வளையல் போட்டாற்போல் ஒரு வடு நிற்கிறது. வீட்டுக் கொல்லையிற் பலாமரம் வைத்திருப்போர் இதே வளையத்தைப் பலாக்கிளையிலும் காணலாம். பலாவும் ஹொரவும் உறவன்று, அணிகலன் மட்டும் ஒன்று. தளிரிலை பனையோலை விசிறிபோல் மடிப்பு மடிப்பாக இருந்து பின்னரே விரிகிறது. விரிந்த பின்னும் மடிப்பின் சுவடு பக்க நரம்புகளுக்கிடையே தெரியும். இலைக்காம்பு இலையைத் தொடுமிடத்தில் முழங்கால் போல் சற்றுப் பருத்து வளைந்திருக்கும்.

அடிமரத்தைக் கீறினாற் பிசின் கசியும். கிழக்கு நாடுகளில் இச்சாதி மரங்களின் அடியிற் குழி வெட்டி, தீக்காட்டி, எண்ணெய்ப் பிசின் எடுப்பர். கம்போடியாவில் அதனைப் படகின் மூட்டுகளை அடைக்கவும் பந்தங் கொளுத்தவும் பயன்படுத்தி வந்துள்ளனர். தமிழருக்கும் இக்குடும்பத்தோடு பழைய உறவொன்று இருக்கிறது. கோயிலிற் புகைக்கும் குங்கிலியம், சால மரத்தின் பிசின். சாலம் என்பது ஷோரியாச் சாதியைச் சேர்ந்தது. திருக்கடவூரில் தாலியை விற்றும் குங்கிலியத் தொண்டைக் கைவிடாத குங்கிலியக்கலய நாயனாரின் கதையைப் பெரியபுராணத்திற் படித்தவர்கள், அத்தூபத்தின் மூலம் ஹொரவின் தமக்கை முறையான ஒரு மரம் என்பதை எண்ணி மகிழலாம். இலங்கையில் ஒரு குழப்பமும் உண்டு. இங்குள்ள விகாரைகளிற் சல் மரம் என்று வணங்கும் மரம் சாலமன்று. அது தென்னமெரிக்காவிலிருந்து வந்து பேராதனை வழியாக நாடெங்கும் பரவிய மரம். தமிழ்நாட்டுச் சிவாலயங்களில் அதே மரத்தை நாகலிங்கம் என்பர். சிங்களவர் புத்தர் பிறந்த சோலையையும், தமிழர் லிங்கத்தின் மேற் படமெடுத்த நாகத்தையும் ஒரே பூவிற் கண்டிருக்கின்றனர். உண்மைச் சாலமோ ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

சீயாவிடம் விடைபெற்று நீர்த்தேக்கத்தை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. ஆயினும் நீரருகே குளிர். மூன்று புறமும் காடு மூடிய குன்றுகள், அவற்றின் நிழல் முழுவதும் நீரில். கொழும்பு நகருக்குக் குழாய்நீர் வேண்டுமென்று 1880 களில் வக் ஓயாவை மறித்து இதனைக் கட்டினர். நீர் தன் பாரத்தாலேயே குழாய்வழியாக நகரை நோக்கி ஓடுமாறு அமைத்தனர். அயலிலுள்ள கலட்டுவாவ நீர்த்தேக்கம் பின்னர், 1950 களில் எழுந்தது. இன்றும் கொழும்பு மக்கள் பருகும் நீரில் ஒரு பகுதி இவ்விரு தேக்கங்களிலிருந்தே வருகிறது. நாம் கவனிக்கத் தக்கது யாதெனில், இக்குன்றுகளின் காட்டைக் காத்தது தாவரவியலார் அல்லர். சுற்றுமுற்றும் இருந்த தாழ்நிலக் காடுகள் இறப்பருக்காகவும் வேறு பயிர்களுக்காகவும் அழிந்தபோது, இந்த ஏந்துபரப்பு மட்டும் நகரின் தாகத்துக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. நாம் கிருலப்பனையிற் குழாயைத் திறந்து முகம் கழுவுகிறோம். அதற்காக இங்கே ஹொரக் காடு நின்றுகொண்டிருக்கிறது.

குன்றின் அடியிலும் கீழ்ச்சரிவிலும் ஹொர முதலியனவும், மேலே செல்லச் செல்ல நாகமரமும் ஷோரியா இனங்களும் மிகுதல் ஈரவலயத் தாழ்நிலக் காட்டின் இயல்பு. அக்காட்டிலே இருசிறைக் குடும்பத்து மரங்கள் 50 இனங்களுக்கு மேல் உள்ளன. ஏறக்குறைய எல்லாமே இலங்கைக்கு மட்டும் உரியவை. அவற்றுள் ஸ்டெமனோபோரஸ் என்னும் ஒரு சாதி முழுவதுமே இத்தீவை விட்டு வெளியே கால்வைத்ததில்லை. அதன் காய்க்குச் சிறகும் இல்லை. சிறகில்லாத காய் தாயின் காலடியிலேயே விழும். சில இனங்கள் ஓரிரு மலைச்சரிவுகளுக்குள் அடங்கிப்போனமைக்கு இதுவும் ஒரு காரணம் போலும். சிறகு பெற்ற ஹொரவும் வெகுதூரம் போவதாக எண்ண வேண்டாம். காட்டினுள்ளே காற்று ஏது? பெரும்பாலான காய்கள் தாய்மரத்திலிருந்து சில பத்து யார் தூரத்துக்குள்ளேயே சுழன்று இறங்கிவிடுகின்றன.

பல் மருத்துவரிடம் போவதுபோல் தயங்கியே இப்பகுதியை எழுதுகிறோம். வக நிலையத்துக்கு அப்பால், இதே புகையிரதப் பாதையிற் கொஸ்கம என்றோர் ஊர் உண்டு. அங்கே 1970 களில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. அதற்கு வேண்டிய மரத்துக்காகச் சிங்கராஜக் காட்டினுள் இயந்திரங்கள் சென்றன. நெடிதோங்கிய மரங்களைத் தெரிந்தெடுத்து வெட்டினர். நாட்டிற் கண்டனம் எழுந்தது. 1977 ஆம் ஆண்டு வெட்டுதல் நின்றது. 1978 இல் அக்காடு உயிரினக் காப்பகமாகவும், 1988 இல் உலக மரபுரிமையாகவும் ஏற்கப்பட்டது. ஏறத்தாழ 11,000 ஹெக்டேயர் காடு இன்று எஞ்சியிருப்பது அக்கண்டனத்தின் பயன். வெட்டியவர்களைத் தீயவர் என்று கூறிவிட்டு நகர்வது எளிது. தேயிலைப் பெட்டிக்கும் மேசைக்கும் பலகை தேவைப்பட்டது நமக்குத்தான். வெட்டிய மரத்துக்குப் பதிலாக விதை தூவினால் மரம் வந்துவிடும் என்று அக்காலத்துப் பலர் நம்பியிருக்கவும் கூடும். நாமும் அந்த நம்பிக்கையோடுதான் வீடு திரும்பினோம். பொறுக்கிய காய்கள் பன்னிரண்டு மருமகனின் பையில் இருந்தன.

இனி வருவது எம் இல்லத்துக் கதை. பாடசாலைக் கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. அதுவரை காய்களைப் பாதுகாக்கும் பொறுப்பை எம் தாயார் ஏற்றுக்கொண்டார். விதை பாதுகாப்பதில் அவருக்கு நிகராக ஒருவரை நாம் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அவருடைய அடுக்களைப் பரணிற் சுரைக்குடுவைகள் தொங்கும். கத்தரி விதை, பூசணி விதை, பயற்றை விதை, யாவும் நன்கு வெயிற்பட்டுச் சாம்பல் கலந்து, அடுப்புப் புகை பிடித்து, அடுத்த மாரிவரை உறங்கும். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது, கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அவர், நகைப்பெட்டியோடு ஒரு போத்தல் விதையும் எடுத்து வந்தார். போகுமிடத்தில் மண் எங்ஙனமிருந்தாலும் விதை இருந்தாற் போதும் என்பது அவர் கணக்கு. அக்கணக்கு தவறவுமில்லை. தென்மராட்சியில் ஒதுங்கியிருந்த வீட்டுக் கோடியில் அந்தப் பூசணி படர்ந்தது. இன்று கிருலப்பனையில் எம் மாடிவீட்டுச் சாடிகளிற் காய்க்கும் கத்தரி, அப்போத்தலின் வழித்தோன்றல்.

ஆகவே ஹொரக் காய்களுக்கும் அதே உபசாரம் நடந்தது. சிறகுகளை ஒடிக்காமற் சுளகிற் பரப்பி மூன்று நாள் வெயிலிற் காயவிட்டார். சாம்பல் புரட்டினார். பிஸ்கற் தகரத்தில் இட்டு மூடி, அலுமாரியின் மேற்றட்டில் வைத்தார். பத்துக் காய்களே இருந்தன. இரண்டை மருமகன் மாடியிலிருந்து பறக்கவிட்டு விளையாடி, அவை கறிவேப்பிலைச் சாடிக்குள் விழுந்ததை எவரிடமும் கூறாமல் மறந்துபோயிருந்தான். அச்சாடிக்கு மேலே துணி உலர்த்தும் கயிறு. நாள்தோறும் ஈரத் துணியின் நீர் அதிற் சொட்டும்.

கண்காட்சிக்கு முந்திய வாரம் தகரத்தைத் திறந்து, பத்தையும் ஊறவைத்து மண்ணில் இட்டோம். பத்து நாள் பார்த்தோம். ஒன்றைப் பிளந்தபோது உள்ளே பருப்புச் சுருங்கிக் கறுத்திருந்தது. மற்றொன்றும் அப்படியே. பின்பு எல்லாவற்றையும் பிளந்தோம். அம்மா அந்தச் சுளகருகே குந்தியிருந்து ஒவ்வொன்றாக நகத்தாற் சுரண்டிப் பார்த்தார். தம்முடைய பிழை என்று அவர் எண்ணிக்கொண்டது முகத்திலே தெரிந்தது. எண்பது வயதுக்கு மேல் ஒருவருக்குத் தம் கைத்திறத்தில் ஐயம் வருவது பார்க்கப் பொறுக்காத காட்சி. அப்போதுதான் மருமகள் கறிவேப்பிலைச் சாடியருகே நின்று உரக்கக் கூவினாள். ஒரு சாணுக்கு மேல் இரண்டு கன்றுகள், தளிரிலை மடிப்பு மடிப்பாக.

அம்மா நெடுநேரம் பேசாமலிருந்து, பின்பு, "விதை எண்டால் வைச்சிருக்க வேணும். இதென்ன விதை, ஒரு மாசம் வைச்சிருக்க ஏலாத விதை?" என்றார்.

அவர் கேட்டதற்குத் தாவரவியல் தரும் விடை எளியது. கோடையும் மாரியும் மாறிவரும் வறள்நிலத்து விதை, தன் ஈரத்தைத் துறந்து, உயிரை ஒடுக்கி, மழைக்குக் காத்திருக்கப் பழகியது. நெல்லும் எள்ளும் அத்தகையன. மழை நெடுநாள் பொய்க்காத காட்டிலே அங்ஙனம் காத்திருப்பதற்கு அவசியம் நேரவில்லை. ஹொர விதை ஈரத்தோடு விழுகிறது. விழுந்த சில நாட்களிலேயே முளைக்கத் தொடங்குகிறது. உலர்த்தினால் ஒடுங்கத் தெரியாமல் இறந்துவிடுகிறது. நோர்வே நாட்டின் ஸ்வால்பார்ட் தீவில், உலகத்துப் பயிர்விதைகளை உறைபனியிற் காக்க 2008 இல் ஒரு களஞ்சியம் திறந்தார்கள். அங்கும் இத்தகைய விதைக்கு இடமில்லை. காயவைத்தாற் சாகும், காயாமல் உறையவைத்தாலும் சாகும். வழியெல்லாம் நாம் கண்ட இறப்பரின் விதையும் இக்குணமுடையதே. 1876 ஆம் ஆண்டு விக்கம் என்னும் ஆங்கிலேயர் அமேசன் கரையிலிருந்து 70,000 விதை வரை இங்கிலாந்தின் கியூ பூங்காவுக்கு விரைந்து சேர்த்தும், நூற்றுக்கு நான்கு அளவே முளைத்தன. ஆகவே இலங்கைக்கு அனுப்பியது விதையை அன்று. கண்ணாடிப் பெட்டிகளில் ஏறத்தாழ 1,900 கன்றுகளை அனுப்பினர்.

ஆனால் விதைக்கில்லாத பொறுமை கன்றுக்கு இருக்கிறது. இக்குடும்பத்து மரங்கள் பலவற்றின் கன்றுகள் தாய்நிழலில் ஆண்டுக்கணக்கில் முழங்காலளவே நின்று, ஒரு முதுமரம் சாய்ந்து வானம் திறக்கும் நாளைப் பார்த்திருக்கும். காட்டின் விதைக்களஞ்சியம் என்பது அந்த நிழலிற் பரந்து நிற்கும் கன்றுக் கூட்டமே. பெருமரத்தை வெட்டி இழுத்துச் செல்லும் இயந்திரம் அதனையும் சேர்த்து நசுக்கிவிட்டால், திறந்து எடுக்க வேறு போத்தல் கிடையாது. பேராதனைப் பல்கலைக்கழகத்து நிமல் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் அவர்தம் தோழர்களும், சிங்கராஜத்தின் ஓரத்திலே பைன் மரத் தோட்டங்களுக்குள் இடைவெளி விட்டு, அந்த நிழலில் மழைக்காட்டு மரக்கன்றுகளை நட்டு வளர்த்துக் காட்டியிருக்கின்றனர். 1993 இல் அக்காட்டினுள் 25 ஹெக்டேயர் நிலத்தை வரையறுத்து, விரற்பருமனுள்ள மரம்வரை ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு அளந்து வருபவர்களும் அவர்களே. இலட்சக்கணக்கான மரங்களை ஒவ்வொன்றாக எண்ணுவது எத்தகைய பொறுமை!

எமக்கோ இரண்டே கன்றுகள். அவற்றை என் செய்வது என்பதே வினாவாயிற்று. 130 அடி வளரும் மரத்துக்குக் கிருலப்பனை மாடிவீட்டில் இடமேது? வாய்க்காற் கரையில் நடலாமென்றான் மருமகன். அது எம் நிலமன்று. முடிவில் ஒரு ஞாயிறு காலை, கறிவேப்பிலையினின்றும் பக்குவமாகப் பிரித்தெடுத்த கன்றுகளை இரண்டு தயிர்ச் சட்டிகளில் ஏற்றி, மீண்டும் அதே வண்டியில் அமர்ந்தோம். இம்முறை அம்மாவும் வந்தார். சட்டிகளை வேறொருவர் மடியில் வைக்க அவர் இசையவில்லை.

சீயா படலையிலேயே கன்றுகளைக் கண்டுவிட்டார். கண்டதும் வயிறு குலுங்கச் சிரித்தார். எம்மை மரத்தடிக்கு அழைத்துச் சென்று கைகாட்டினார். நாம் முன்னர் காய் பொறுக்கிய இடமெங்கும், சருகைத் தள்ளிக்கொண்டு, எண்ணத் தொலையாத ஹொரக் கன்றுகள் நின்றன. "காட்டுக்கே கன்று கொண்டுவந்தீர்களா, பிள்ளைகளே?" என்றார். ஆயினும் மருமகனின் முகம் வாடியதைக் கண்டு, மண்வெட்டியை எடுத்து வந்து, இறப்பர் பட்டுப்போன ஒரு மூலையில் இரண்டு குழி வெட்டிக் கொடுத்தார். அவன் நட்டான். அம்மா அண்ணாந்து பெருமரத்தின் உச்சியைத் தேடினார். கழுத்து வலித்ததுபோலும், அருகிலிருந்த வேலியைப் பிடித்துக்கொண்டார்.

அவ்வேலியிலே பயற்றங்கொடி படர்ந்திருந்தது. முற்றி வெளிறிய நெற்றுகள் சில கொடியிலேயே காய்ந்து தொங்கின. அம்மா ஒன்றை உருவி, உடைத்து, உள்ளங்கையிற் கொட்டி, வெளிச்சத்திற் பார்த்தார். பின்பு மருமகளிடம் திரும்பி, "சீயாட்டைக் கேள் பிள்ளை, நாலு நெற்று எடுக்கலாமோ எண்டு" என்று கூறி, கைப்பையைத் திறந்தார். அதற்குள் ஒரு வெற்றுப் போத்தல் இருந்தது.